கழுத்துவரை பெட்ரோல்

என் அண்ணனுக்கு இரண்டு பட்டப்பெயர். பத்திர ஆபீஸுக்கு எதிரே அவர் வைத்திருக்கும் கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் ‘ஜெராக்ஸ்காரர்’. பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறவர்களுக்குக் ‘கழுத்து சார்’. முதல் பெயர் தொழிலால் வந்தது. இரண்டாவது அவரே உழைத்துச் சம்பாதித்தது.

பெட்ரோல் போடும் குழாய் தானாக நிற்கும். டேங்க் நிரம்பியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், பிடி தளர்ந்துவிடும். பெரும்பாலானவர்கள் அந்தச் சத்தம் கேட்டதும் மூடியை மாட்டிக்கொண்டு வந்த வழியே போய்விடுகிறார்கள். என் அண்ணனுக்கு அங்கேதான் வேலையே ஆரம்பம். “குழாயக் கொஞ்சம் வெளிய இழும்மா, மெதுவா விடு” என்பார் பங்க் பெண்ணிடம். இரண்டாவது ‘டக்’ வரும். பிறகு காருக்குப் பின்னால் போய், டிக்கி மேல் இரண்டு கையையும் ஊன்றி நாலு தடவை ஆட்டுவார். உள்ளே சிக்கியிருக்கும் காற்று இப்படி ஆட்டினால் மேலே வந்துவிடும் என்பது அவர் கட்சி. மறுபடியும் ஊற்றச் சொல்வார். மூன்றாவது ‘டக்’குக்குப் பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு துவாரத்துக்குள் எட்டிப் பார்ப்பார். பெட்ரோல் மினுமினுவென்று கழுத்தில் தெரிந்தால்தான் மூடி. பின்னால் நிற்கும் வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்து, செய்தித்தாளைப் பிரித்திருப்பார்கள்.

நான் மெக்கானிக். பங்குக்கு நேர் எதிரே என் பட்டறை. ஆக, இந்தக் கூத்தை வாரம் இரண்டு முறை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தாக வேண்டும். ஒரு டாக்டரின் அண்ணன் டாக்டர் எதிரிலேயே தெருச் சாக்கடைத் தண்ணீரைக் குடித்தால் அவருக்கு எப்படி இருக்கும், அப்படி இருக்கும் எனக்கு.

சொல்லாமல் இல்லை. உட்காரவைத்து, பழைய டேங்க் ஒன்றைக் காட்டியே சொன்னேன்.

“அண்ணா, மேல கொஞ்சம் இடம் காலியா விட்டுத்தான் இத செஞ்சிருக்காங்க. வெயில்ல பெட்ரோல் விரியும். ஆவி எழும்பும். அந்த ஆவி இந்தக் குழாய் வழியா ஒரு கரி டப்பாவுக்குப் போவும். கரி அதப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா இன்ஜினுக்கு அனுப்பும். நீங்க கழுத்துவரைக்கும் ஊத்தினா ஆவிக்குப் பதிலா பெட்ரோலே டப்பாக்குள்ள போயிடும். கரி ஊறிப்போனா டப்பா கெட்டுடும். இன்ஜினும் தேவைக்கு மேல குடிச்சுட்டு ஸ்டார்ட் ஆகாம நிக்கும்.”

அண்ணன் பொறுமையாகக் கேட்டார். “அந்தக் காலி இடத்துல என்ன இருக்கும்?”

“காத்து. ஆவி.”

“காத்துல வண்டி ஓடுமா?”

“ஓடாது.”

“அதான்,” என்று எழுந்து போய்விட்டார்.

செவிடன் காதில் சங்கு ஊதினால் சங்குக்காவது மரியாதை உண்டு. அந்தக் கரி டப்பாவை இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தேன். பெட்ரோல் போட்டவுடன் வண்டி கிளம்ப அடம் பிடிக்கும். அதற்கு அவர் பங்கைத்தான் குறை சொல்வார், தண்ணீர் கலக்கிறார்கள் என்று. டேஷ்போர்டில் இன்ஜின் கோளாறுக்கான மஞ்சள் விளக்கு எரிந்தபோது அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார். விளக்கு அணைந்ததா என்று கேட்டால், “இப்ப தெரியல” என்பார். பொய் சொல்லாத மனிதர்.

கடையிலும் இதே கதைதான். ஜெராக்ஸ் மிஷினின் பேப்பர் தட்டில் ஒரு கோடு இருக்கும், அதற்கு மேல் வைக்கக் கூடாது என்று. அவர் அதைத் தாண்டி ஒரு விரற்கடை வைப்பார். பேப்பர் சிக்கும். பத்திரம் பதிய வந்தவர்கள் கையைப் பிசைவார்கள். அவர் மிஷினைத் திறந்து, சிக்கிய தாளை நோகாமல் உருவி எடுத்துவிட்டு, மறுபடியும் அதே உயரத்துக்கு அடுக்குவார். அண்ணி டீ கொடுக்கும்போது டம்ளரில் துளி இடம் இருந்தால், “யாருக்கு மிச்சம் வெச்சிருக்க?” என்பார். அண்ணி பதில் சொல்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

இது பிறவிக் குணமில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவரும் பெட்ரோல் முள் பாதியில் நிற்கக் கவலையில்லாமல் வண்டி ஓட்டியவர்தான். அப்புறம் ஒரு நாள், அம்மாவுக்கு நெஞ்சு வலி. முற்பகல் பதினோரு மணி. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் அண்ணன் அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஆஸ்பத்திரிக்குப் பாதி தூரத்தில், மேம்பாலம் ஏறுகிற இடத்தில் வண்டி நின்றது. டேங்க்கில் சொட்டுப் பெட்ரோல் இல்லை. அம்மாவைப் பின் சீட்டில் விட்டுவிட்டு, அண்ணன் கேனைத் தூக்கிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் ஓடினார், ஒரு கிலோமீட்டர் திரும்பி ஓடி வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா” என்று ஆரம்பித்து, அண்ணன் முகத்தைப் பார்த்து மீதியை முழுங்கிவிட்டார்.

“முள்ளப் பாக்காம கிளம்பிட்டேன்” என்று அண்ணன் அன்று சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசியதில்லை. டேங்க்கை நிரப்ப ஆரம்பித்தார்.

பேசாத இன்னொருவன் நான். முதல் நாள் சாயங்காலம் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு சிநேகிதர்களோடு அணைக்குக் குளிக்கப் போனவன் நான்தான். திரும்பி வரும்போது முள் அடியில் படுத்திருந்தது. காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கினேன். காலையில் அம்மா எழுப்பி எழுப்பிப் பார்த்தும் புரண்டு படுத்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இப்போது நாற்பத்தொன்று. நான் வண்டியை எடுத்தது அண்ணனுக்குத் தெரியாது, அன்று சாயங்காலம் அவர் கடையிலிருந்து வரத் தாமதமானது. தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டார் என்று பயந்தே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன். ஊர் வண்டிக்கெல்லாம் கணக்காகக் கூலி கேட்கிறவன் அண்ணன் வண்டியை மட்டும் ஓசியில் பார்ப்பேன். அதைப் பாசம் என்று அண்ணி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். கேட்கக் கூசும்.

இந்த நிலைமையில் அண்ணன் மகள் உண்டானாள். அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை, கரையேற மூன்று மாதம் இருந்தது. அதனால் அவள் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அண்ணன் தினமும் பங்குக்கு வரத் தொடங்கினார். வீட்டிலிருந்து பங்குக்கு இரண்டு கிலோமீட்டர். பங்குக்கு வந்துபோகச் செலவான பெட்ரோலைப் போட மறுநாள் பங்குக்கு வருவார். “சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகாதும்பாங்க, உங்க அண்ணன் அடுப்பவிட்டு எறங்கவே மாட்டேங்கறாரு” என்றார் அண்ணி. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஸ்பேனரைத் துடைத்தேன்.

டாக்டர் சொன்ன தேதிக்கு நாலு நாள் முன்னால், காலை பத்தரை மணிக்கு, அண்ணன் வண்டி பங்குக்குள் திரும்புவதைப் பார்த்தேன். வழக்கமான நேரமில்லை. பின் சீட்டில் அண்ணி. அண்ணி தோளில் சாய்ந்து, வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு மகள். நான் ரோட்டைக் குறுக்கே தாண்டி ஓடினேன்.

“சித்தப்பா,” என்றாள் அவள், துண்டை எடுத்துவிட்டு. “வலி வந்து முக்கா மணி நேரம் ஆச்சு. அப்பா பெட்ரோல் போடறாங்க.”

குனிந்து முள்ளைப் பார்த்தேன். நிறைந்து மேலே நின்றது. “அண்ணா, ஃபுல்லா இருக்கு.”

“நேத்து சாயங்காலம் போட்டது. வீட்டுலேர்ந்து இங்க வரைக்கும் வந்திருக்கே,” என்றார் அண்ணன். முகத்தில் ஈயாடவில்லை.

பங்க் பெண் குழாயை வைத்தாள். வைத்த மாத்திரத்தில் ‘டக்’. அவள் என்னைப் பார்த்தாள். அண்ணன் இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினார். இன்னொரு ‘டக்’. பிறகு அவர் பின்னால் போய் டிக்கியில் கையை ஊன்றினார்.

“அப்பா, ஆட்டாதீங்க,” என்றாள் மகள் உள்ளேயிருந்து.

“நாலே தடவைமா.”

ஆட்டினார். அவள் சத்தம் போட்டது பட்டறைவரை கேட்டிருக்கும். பெட்ரோல் கழுத்துக்கு வந்தது. மூடியை மாட்டி, ஓடி வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி சுற்றியது, ஒரு இருமல், நின்றது. வண்டிக்குள் பெட்ரோல் நெடி குப்பென்று ஏறியது. மூன்றாவது தடவை, நாலாவது தடவை. நான் பழைய டேங்க்கை வைத்துப் பாடம் எடுத்தேனே, அது அப்படியே நடந்தது. சொன்னது பலித்ததில் எனக்கு எள்ளளவும் சந்தோஷமில்லை.

அண்ணன் சாவியை விட்டார். இறங்கினார். நிதானமாகப் பங்க் பெண்ணிடம் போய், “கேன் ஒண்ணு இருக்குமா?” என்றார்.

“எதுக்கு சார்?”

“பெட்ரோல் வாங்கிட்டு வரணும். அம்மா வண்டியில இருக்காங்க.”

டேங்க் வழிய வழிய நிற்கும் வண்டியை விட்டு இறங்கி, பெட்ரோல் பங்குக்கு நடுவில் நின்றுகொண்டு ஒரு மனிதர் கேன் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் பிடிக்கிற காலிக் கேன் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டாள். எனக்குப் புரிந்தது.

“அண்ணா, பெட்ரோல் இருக்கு. வந்து உக்காருங்க,” என்று கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்துச் சீட்டில் தள்ளினேன். நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து, ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். அளவுக்கு மேல் குடித்த இன்ஜினுக்குக் காற்றைக் கொடுக்கிற வழி அது ஒன்றுதான். சுற்றிற்று, சுற்றிற்று, கறுப்பாக ஒரு புகையைக் கக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். வழி நெடுக அண்ணன் மடியில் கேனை வைத்துக்கொண்டு முள்ளையே பார்த்து வந்தார். அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள், அண்ணியும் கூடவே போனார்.

பிரசவ வார்டுக்கு வெளியே ஒரு பெஞ்ச். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். சுவரில் ‘அமைதி காக்கவும்’ என்று எழுதியிருந்தது. நாங்கள் பத்தொன்பது வருஷமாக அதைத்தான் செய்து வந்தோம். கேன் இன்னும் அவர் காலடியில் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க என்னால் முடியவில்லை.

“அண்ணா, அன்னிக்கு வண்டியக் காலி பண்ணது நான்,” என்றேன். “மொத நாள் அணைக்குப் போனேன். போடாம வந்து சாவிய மாட்டிட்டேன். நீங்க முள்ளப் பாக்காததுல தப்பே இல்ல. தப்பு என்னுது. என்னை என்ன வேணா பண்ணுங்க.”

அண்ணன் திரும்பவில்லை. வார்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியும்டா,” என்றார். “சீட்டுல உன் ஈரத் துண்டு கெடந்துது.”

அண்ணன் சின்னக் குரலில் பேசினார். அவ்வளவு நேரம் தொடர்ந்து அவர் பேசி நான் கேட்டதில்லை.

“பாலத்துகிட்ட வண்டி நின்னதும் எனக்கு வந்துது பாரு கோவம். வலியில துடிக்கறவங்களப் பாத்து, ‘அவன்கிட்ட எதுக்கு சாவியக் குடுத்தீங்க, நீங்க குடுத்த எடம்தான் இது’ன்னு கத்தினேன். கத்திட்டுத்தான் கேனத் தூக்கிட்டு ஓடினேன். திரும்பி வரும்போது அம்மாவுக்குப் பேச்சில்ல. நான் கடைசியா அவங்ககிட்ட சொன்னது அதாண்டா. டேங்க் நெறஞ்சிருந்தா அப்படிக் கத்தியிருக்க மாட்டேன்.”

“ஏன் என்கிட்ட சொல்லல? ஒரு நாளாவது திட்டியிருக்கலாமே.”

“நான் கதவ சாத்தும்போது அம்மா கையப் பிடிச்சாங்க. ‘அவன்கிட்ட சொல்லாத, தாங்க மாட்டான்’னாங்க.” அண்ணன் மூக்கை உறிஞ்சினார். “நீயா சொன்னாத்தான் உண்டுன்னு இருந்தேன்.”

அம்மா சொன்னது சரிதான், நான் தாங்கவில்லை. நாற்பத்தொரு வயது ஆள், கையெல்லாம் கிரீஸோடு, அந்த பெஞ்சில் குனிந்து சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதேன். அண்ணன் என் முதுகில் கையை வைத்தார், எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. கதவு திறந்து ஒரு நர்ஸ் வெளியே வந்தார். அழுகிறவனைப் பார்த்து, நான்தான் குழந்தைக்கு அப்பா என்று முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது. “அழாதீங்க சார். பொம்பளப் புள்ள. தாயும் சேயும் நல்லா இருக்காங்க. வந்து வாங்கிக்கங்க,” என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். தாத்தா அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், அவர்தான் முதலில் வாங்க வேண்டும்.

“கூப்பிடறாங்க இல்ல,” என்றார் அண்ணன். “போய்க் கையக் கழுவிட்டு வாங்கிக்கடா.”