தையல்காரரின் இடது கால்

அந்தத் தெருவில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் டீச்சரிடம் கற்றுக்கொண்டவர்கள். பள்ளிக்கூட டீச்சர் இல்லை, டிரைவிங் டீச்சர். பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு கிளட்ச், ஒரு பிரேக், இரண்டின் மேலும் எப்போதும் தயாராக இரண்டு பாதங்கள். இப்படியே உட்கார்ந்து ஊரைப் பழக்கியவள். பல் டாக்டர் முதல் பால்காரர் வரை அவளிடம் திட்டு வாங்காதவர் கிடையாது. வாய்தான் அப்படி, மனசு தங்கம் என்பார்கள், லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு.

அவளிடம் படித்தும் தேறாத ஒரே ஆள் அவள் புருஷன். தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் சாது. மூன்று தடவை தேர்வுக்குப் போனார். மூன்று தடவையும் மேட்டில் கிளப்பும்போது வண்டி உதறி உதறி அணைந்துவிட்டது.

"வண்டிதாம்மா உதறுது."

"வண்டி எதுக்குங்க உதறும்? உங்க இடது கால்தான் உதறுது. கிளட்ச்சை ஒழுங்கா விடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிறேன், கேட்டாத்தானே!"

அவர் எதிர்த்துப் பேசமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஓட்ட, அவர் உட்கார்ந்து வந்தவர். ஒரே ஒரு நாளாவது அவளை உட்காரவைத்துத் தான் ஓட்ட வேண்டும் என்று ஆசை. "இந்தத் தடவையும் போச்சுன்னா ஸ்டியரிங் பக்கமே வரமாட்டேன்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டீச்சருக்குச் சுருக்கென்றது.

நாலாவது தேர்வுக்கு முந்தின நாள் பார்த்துக் கிளட்ச் காலை வாரியது. வண்டியை அவள் தம்பியின் பட்டறையில் விட்டார்கள். கியர்பாக்ஸை இறக்கியதும் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, கிளட்ச் பிளேட்டை மட்டும் மாத்தினா சாயங்காலமே எடுத்துட்டுப் போயிடலாம். ஆனா இந்தப் பிளைவீலை வந்து பாரு."

கிளட்ச் பிளேட் வந்து ஒட்டிப் பிடிக்கிற கனத்த இரும்புச் சக்கரம். அதன் முகத்தில் திட்டுத் திட்டாக நீலம் பாய்ந்திருந்தது, நடுவே முடி போன்ற விரிசல்கள். பழக வருகிறவர்கள் கருக்கிய கருக்கல் கொஞ்சநஞ்சமா? தம்பி இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்துக் காட்டினான். அடியில் வெளிச்சம் தெரிந்தது, அவ்வளவு பள்ளம்.

"லேத்துல குடுத்துச் சீவிடலாமேடா?"

"போன தடவையே சீவியாச்சு. இன்னும் சீவினா காகிதமாயிடும். புதுசு நாளைக்கு மத்தியானம்தான் வரும், மாமாவுக்குத் தேர்வு காலையில. இதையே மாட்டித் தரட்டுமா? ஓடும். மேட்டுல உதறும், அவ்வளவுதான்."

"உதறுமா?"

"இத்தனை நாள் உதறலையா? ஆக்சிலேட்டரை மிதிச்சுக்கிட்டுப் பாயுறவங்களுக்குத் தெரியாது. உனக்குப் பழகிப்போச்சு. கிளட்ச்சைப் பதமா விடுறவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

பதமாக விடுகிறவர். டீச்சர் அப்படியே நின்றாள். மிதிக்கிற மெஷினில், ஊசியை நினைத்த இடத்தில் நினைத்த நொடியில் நிறுத்தும் கால் அது. பட்டுத் துணியில் ஒரு தையல் ஓடிவிடாமல் காப்பாற்றுகிற கால். அதைப் போய் உதறுகிற கால் என்றாளே! வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கியது. மறுபக்கம் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அவர் மேல் தப்பே இல்லை!

ஆனால் தேர்வு? கடைக்கு நாளை விடுமுறை என்று பலகை மாட்டியாகிவிட்டது. சட்டை இஸ்திரி போட்டுத் தொங்குகிறது. தள்ளிப்போட்டால் மனிதர் மனம் விட்டுவிடுவாரோ? பழையதோடு அனுப்பினாலோ நிச்சயம் அணையும், அவரும் சொன்ன சொல்லில் நிற்பார்.

"புதுசையே போடுடா. தேர்வு அடுத்த வாரம் போகட்டும்."

"மாமாகிட்ட யாரு சொல்றது?"

"நான்தான். திட்டத் தெரிஞ்ச வாய்க்கு இதுவும் தெரியணுமில்ல?"

கழற்றிய பிளைவீலைப் பையில் போட்டுத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து, துணி வெட்டும் மேசையில் தொப்பென்று வைத்தாள்.

"இதுதாங்க உதறினது. உங்க கால் இல்ல. நான்தான் புரியாம கத்திட்டேன். புதுசு போட்டுத் தேர்வுக்கு அடுத்த வாரம் போகலாம்."

அவர் நீலத் திட்டுகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. தேர்வு தள்ளிப்போனதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அன்றிலிருந்து துணி நகராமல் இருக்க அந்தச் சக்கரம்தான் பாரம். அளவு கொடுக்க வந்தவர்களெல்லாம் அதன் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போக முடிந்தது. "டீச்சரே ஒத்துக்கிட்டாங்க" என்று முடிப்பார்.

அடுத்த வாரம் மேட்டில் வண்டி ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் ஏறியது. அதிகாரி வேறெங்கோ பார்த்தபடியே கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு அவர்தான் ஓட்டினார். டீச்சர் பக்கத்தில்.

"டீச்சரம்மா, காலை எடுங்க."

குனிந்து பார்த்தாள். இரண்டு பாதங்களும் பழக்கத்தில் கிளட்ச்சிலும் பிரேக்கிலும் இருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு, காலை இருக்கையின் மேல் மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள். தெருமுனை வந்தது, தையல் கடை வந்தது, வீடும் வந்தது. அவர் நிறுத்தவில்லை. அவளும் நிறுத்தச் சொல்லவில்லை.