நடக்க விடாத ஊரும் என் இடது காலும்

மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில்தான் முதன்முதலாக அப்படி நின்றேன். இடது கெண்டைக்காலை யாரோ உள்ளேயிருந்து முறுக்கிப் பிழிவதுபோல வலித்தது. பக்கத்தில் வளையல் கடை இருந்தது. வளையல் பார்ப்பவள்போல நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் வலி சுத்தமாகப் போய்விட்டது. மறுபடி நடந்தேன். நாலு கடை தள்ளி மறுபடி பிடித்தது. அங்கே பொம்மைக் கடை. அறுபதைத் தாண்டிய வயதில் பிளாஸ்டிக் கிளிக்கு விலை கேட்டுக்கொண்டு நின்றேன்.

இந்த வலியின் குணம் அதுதான். நடந்தால் வரும், நின்றால் போய்விடும். போய்விடுவதால் அதை நோய் என்று நம்ப மனம் வராது. இதைப் படிக்கும் நீங்கள் யாராவது இப்போது கடை கடையாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து அதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். நான் பல மாதங்கள் வேடிக்கை பார்த்தேன்.

காரைக்காலில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். சர்க்கரை நோய் வெகுகாலமாக உண்டு. என் கணவர் மின்துறையில் இருந்தவர். கல்யாணமான புதிதிலிருந்து என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே வாசலில் ஏற்றிக்கொண்டு வருவார். காய்கறி வாங்கவும் ஸ்கூட்டர்தான், கோயிலுக்கும் ஸ்கூட்டர்தான். "அத்தான் உன்னைத் தரையில கால் வைக்க விட மாட்டாங்களே" என்று என் தங்கை கேலி செய்வாள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அவருக்கு அன்பை வாயால் சொல்லத் தெரியாது, வண்டியைக் கிளப்பத்தான் தெரியும்.

முதலில் மூட்டுத் தேய்மானம் என்றார்கள். பிறகு நரம்பு என்றார்கள். வலி இருந்தது கெண்டைக்காலில். நான் களிம்பு தடவிக்கொண்டிருந்தது முட்டியில். ஒருநாள் செருப்புக் கடித்துச் சுண்டுவிரலில் வந்த சின்னக் கொப்புளம் ஆறுவதற்கு வழக்கத்தைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டது. அதைப் பார்த்துதான் எங்கள் சர்க்கரை மருத்துவர் முகம் மாறி, தஞ்சாவூருக்கு அனுப்பினார்.

அங்கே இரத்தக் குழாய் மருத்துவர், என் மகள் வயதுள்ள பெண். என் பாதத்தின் மேல் இரண்டு விரல்களை வைத்து அழுத்திப் பார்த்தார். வலது பாதத்தில் துடிப்பைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார். இடது பாதத்தில் தேடிக்கொண்டே இருந்தார். கையில் இரத்த அழுத்தம் பார்ப்பதுபோலவே கணுக்காலிலும் பட்டையைக் கட்டிப் பார்த்தார். பிறகு டாப்ளர் ஸ்கேன் (குழாய்க்குள் இரத்தம் ஓடுவதை ஒலியலையால் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள்.

புறத் தமனி நோய் என்று பெயர் சொன்னார் (காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் கொழுப்புப் படிந்து வழி குறுகிப்போவது). சும்மா நிற்கும்போது வருகிற இரத்தம் காலுக்குப் போதுமாம். நடக்கும்போது தசை கூடுதலாகக் கேட்கும், வர வழியில்லை, அதுதான் வலி.

என் கணவர் ஆபரேஷனா என்று கேட்டார்.

"இப்ப வேண்டாம் சார். மாத்திரை தர்றேன். மத்தபடி அம்மா நடக்கணும்."

"வலிக்குதுன்னுதானே வந்திருக்கோம்?"

"வலிக்கணும் சார். வலி வந்ததும் நிக்காம இன்னும் கொஞ்சம் நடந்துட்டு நிக்கணும். போனதும் மறுபடி நடக்கணும்."

அப்படி நடக்க நடக்க, அடைபட்ட குழாயைச் சுற்றி இருக்கும் சிறு குழாய்கள் வேலையைக் கற்றுக்கொள்ளும் என்றார். பக்கக் குழாய்கள் (பெரிய வழி அடைபட்டால் இரத்தம் சுற்றிப்போக உதவும் சின்னக் கிளைகள்) என்று படம் போட்டுக் காட்டினார். நடக்காமல் விட்டால் குழாய்க்குள் பலூன் விட்டு விரிக்க வேண்டிவரலாம். அதற்குள் காலில் ஆறாத புண் ஏதாவது வந்துவிட்டால், காலைக் காப்பாற்றுவது சிரமமாகிவிடும். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். என் கணவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சும்மா இருக்கும்போதே வலிக்கிறவர்களுக்கும், புண் இருக்கிறவர்களுக்கும் இந்த வைத்தியம் பொருந்தாது. உங்கள் மருத்துவர் சொல்லாமல் நடக்க ஆரம்பிக்காதீர்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். இத்தனை வருடம் கரும்பலகை முன்னால் நின்ற கால். அதை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் இவர் இருந்ததால் அழவில்லை.

மறுநாள் காலையிலேயே கடற்கரைச் சாலையில் இறங்கினேன். அரசலாற்றை ஒட்டி நேரான, மேடு பள்ளம் இல்லாத பாதை. வைத்தியத்துக்கென்றே போட்ட சாலை என்றுதான் நினைத்தேன். கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டேன், ஒரு பைக் வந்து நின்றது. என் பழைய மாணவி. "டீச்சர், ஏறுங்க." வேண்டாம் என்றேன். "சும்மா ஏறுங்க டீச்சர், நான் அந்தப் பக்கம்தான் போறேன்." எந்தப் பக்கம் என்று நான் சொல்லவே இல்லை.

எங்கள் ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. தெரிந்த மனுஷி வெயிலில் நடந்து போவதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தாமல் போவது இங்கே பெரிய மரியாதைக்குறைவு. ஏற மறுப்பது அதைவிடப் பெரியது. அதிலும் நான் வாத்தியார். இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேரின் காதை நான் திருகியிருக்கிறேன். ஒருத்தியிடமிருந்து தப்பினால் அடுத்தவன் வருவான். யூசுப் என்ற மாணவன், துபாயிலிருந்து லீவில் வந்தவன், காரைக் குறுக்கே நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டான். உடம்புக்கு நல்லது, நடக்கிறேன் என்றேன். "நீங்க வேர்த்து விறுவிறுத்து நடக்குறதப் பாத்துட்டு நான் சும்மா போனேன்னு தெரிஞ்சா, எங்க உம்மா என்னைய வீட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க டீச்சர்." ஏறிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். காலில் அடைப்பு என்று ஒருவரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் டீச்சருக்குக் காலை எடுக்கப் போகிறார்கள் என்று ஊர் முழுவதும் பேச்சாகிவிடும். வருகிறவர்கள் எல்லாரும் என் முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்ப்பார்கள். எனக்கு அதைத் தாங்கும் தெம்பு அப்போது இல்லை. சொல்லாததற்கும் பலன் கிடைத்தது. டீச்சருக்கும் சாருக்கும் ஏதோ மனஸ்தாபம், அவர் வண்டியில் ஏற்றுவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். இவர் அதைக் கேட்டு நொந்துபோனார்.

போலகத்தில் என் தங்கை வீடு இருக்கிறது. அங்கே வயல் ஓரச் சாலையில் நடக்கலாமே என்று போனோம். அங்கே வண்டி தொந்தரவு இல்லை. ஆனால் வலி வந்து நான் நின்ற இடத்திலெல்லாம் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. "நிக்கிறீங்களேம்மா, உக்காருங்க" என்றார்கள். பின்னாலேயே டீ வந்தது, சர்க்கரை போட்டு. என் இரத்தச் சர்க்கரை ஏறியதுதான் மிச்சம்.

அடுத்த முறை தஞ்சாவூர் போனபோது டாக்டர் எவ்வளவு நடக்கிறீர்கள் என்று கேட்டார்.

"எங்க ஊருல நடக்க விட மாட்டாங்க டாக்டர்" என்றேன்.

சிரித்தார். நான் முழுவதையும் சொல்லி முடித்தபோது சிரிப்பை விட்டுவிட்டார். "அப்ப உங்களத் தெரியாத ஊருக்குப் போய் நடங்க" என்றார்.

அப்படித்தான் தரங்கம்பாடி வந்து சேர்ந்தது. கோட்டுச்சேரி, பூவம் தாண்டி மாநில எல்லையைக் கடந்தால் வந்துவிடும். டேனிஷ்காரர்கள் மதில் கட்டி ஆண்ட ஊர். மதிலில் இப்போது அங்கங்கே துண்டு துண்டாகத்தான் மிச்சம். வெள்ளையடித்த நுழைவாயில் மட்டும் முழுசாக நிற்கிறது. அதற்குள் நுழைந்தால் ராஜ வீதி. இரண்டு பக்கமும் தேவாலயங்களும் பழைய பெரிய வீடுகளும். முடிவில் கடலும் கோட்டையும். காலை நேரத்தில் வண்டி அதிகம் இல்லை. வேடிக்கை பார்க்கிறேன் என்று நடிப்பதற்குக் கடைகளும் இல்லை.

முதல் நாள் என் கணவர் என்னை வாயிலில் இறக்கிவிட்டார். நான் நடக்க ஆரம்பித்தேன். பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி உருட்டிக்கொண்டு வருகிறார். வீதியில் பாதிகூட வரவில்லை, வலி பிடித்துவிட்டது. டாக்டர் சொன்னபடி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் போனேன். ஒரு தேவாலயத்தின் சுற்றுச்சுவர் ஓரத்தில் நின்றேன். அவர் வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து, பின் இருக்கையைக் கையால் துடைத்தார்.

"வண்டியை அணைங்க."

"வலிக்குதுல்ல. ஏறு."

"வலிக்கத்தான் வந்திருக்கேன். நீங்க ஏத்தி ஏத்தித்தான்..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அதற்குள் அவர் முகம் சுருங்கிவிட்டது. சர்க்கரையும் வயதும் செய்த காரியத்துக்கு அவர்மேல் பழி போடுவது நியாயமில்லை. ஆனால் அன்றைக்கு அப்படித்தான் வந்தது. நோயாளிக்குக் கோபம் வரும்போது எதிரே நிற்பவர் எப்போதும் நம்மை அதிகம் நேசிப்பவராகத்தான் இருக்கிறார்.

மறுநாளிலிருந்து அவர் வண்டியை வாயிலிலேயே நிறுத்திப் பூட்டினார். என் கூட நடக்க மாட்டார். வலிக்கும்போது என் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம். முன்னாலேயே போய் அந்தச் சுற்றுச்சுவர் ஓரத்தில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக்கொண்டு நிற்பார். நான் போய்ச் சேர்ந்து, வலி தணியும்வரை சுவரில் சாய்ந்திருப்பேன். வலி போனதும் கடல்வரை போவேன். வழியில் இன்னும் இரண்டு மூன்று முறை நிற்பேன்.

வாரத்தில் பெரும்பாலான நாட்கள் போனோம். மழை நாட்களில் வீட்டுக் கூடத்திலேயே சுற்றினேன். சாயங்காலம் பாதங்களைச் சோதிக்க வேண்டும். எனக்குக் குனிந்து அடிப்பாதம் பார்க்க வராது. கணவர் மடியில் காலைத் தூக்கி வைப்பதா என்று முதலில் கூசினேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு விரல் இடுக்காக விரித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல" என்பார். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டால்தான் எனக்கு அன்றைய நாள் முடியும்.

சில மாதங்கள் கழித்து டாக்டர் மறுபடி சோதித்தார். அடைப்பு இருந்த இடத்தில் அப்படியேதான் இருக்கிறது. பக்கக் குழாய்கள் மட்டும் தெளிவாகத் தெரிய ஆரம்பித்திருக்கின்றன. பலூன் இப்போதைக்கு வேண்டாம் என்றார். நான் குணமானேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தக் கால் இனி இப்படித்தான் இருக்கும். அதை ஒவ்வொரு நாளும் நடத்திக்கொண்டுபோக வேண்டும்.

நேரமும் எனக்கு மாறிவிட்டது. முன்பெல்லாம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவது என்றால் ஏறுவதும் இறங்குவதும்தான். நடுவில் எதுவும் கிடையாது. இப்போது நடுவில்தான் இருக்கிறேன். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையில் எந்தெந்த வீட்டு வாசலில் கோலம் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஊரிலும் இப்போது யாராவது வண்டியை நிறுத்தினால் கால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். காலைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

சமீபத்தில் ஒருநாள் தரங்கம்பாடியில் வெளியூர்க் கூட்டம் ஒன்று வீதியை அடைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தது. நான் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடந்தேன். பாலைக் காய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்தேனா, அடுப்பிலேயே விட்டுவிட்டேனா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். அதே நினைப்பில் போய்க்கொண்டே இருந்தேன். திடீரென்று எதிரே கடல். அப்போதுதான் உறைத்தது, நான் எங்கேயும் நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். கூட்டம் கலைந்திருந்தது. தூரத்தில் அந்தச் சுவர் ஓரத்தில் அவர் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். நான் தாண்டிப் போனதைப் பார்த்திருக்கிறார். கூப்பிட்டால் நின்றுவிடுவேனோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லையாம். பின்னால் வந்தால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிவிடுவேனோ என்று அதையும் செய்யவில்லையாம். வாழ்நாள் முழுவதும் என்னைக் கொண்டுபோய் விட்ட மனிதர், நான் போவதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றிருக்கிறார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கையை ஆட்டினேன். அவரும் பாட்டிலைத் தூக்கி ஆட்டினார். நான் அவரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். அந்தத் தூரத்துக்குள் ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது. நின்றேன். அவர் அங்கேயே காத்திருந்தார்.