தக்காளி வண்டி வெளிச்சத்தில்

நரசாபுரம் தாண்டியதும் வலது பக்க ஹெட்லைட்டும் போனது. சித்தூரில் மச்சினன் வீட்டு நிச்சயதார்த்தம் முடித்து பெங்களூர் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை இருட்டுக்கு முல்பாகலில் லைட்டைப் போட்டபோதே இடது பக்கம் எரியவில்லை. "ஒத்தைக் கண்ணோட வீடு போய்ச் சேர்ந்துடலாம்" என்று தைரியமாகச் சொன்னவன் நான்தான். இப்போது அந்த ஒற்றைக் கண்ணும் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் இருந்த ரோடு அப்படியே கறுப்பாகிவிட்டது.

எப்படியோ ஓரம் கட்டினேன். நாலு பக்க இண்டிகேட்டரும் மினுக் மினுக்கென்றது. மணி ஆறே முக்கால்தான். ஐப்பசி மழையில் நடுராத்திரி மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு லாரி போனால் கார் மொத்தமும் ஒரு ஆட்டம் ஆடி நிற்கும். பின் சீட்டில் மனைவி, அவள் மடியில் தூங்கும் ஆறு வயது மகள்.

"பின்னாடி வர்ற எவனாவது கண்ணசந்தா என்னங்க பண்றது?" என்றாள். நான் கீழே இறங்கினேன்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் பாய்க்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பானெட்டைத் தூக்கி, மனைவியின் செல்போன் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டேன். மனைவி மகளைச் சீட்டில் படுக்க வைத்துவிட்டு இறங்கி வந்து குடை பிடித்தாள்.

"மொதல்ல ஃப்யூஸ் பாருங்க சார். ஹாரன் ஃப்யூஸைப் புடுங்கி அங்க மாத்திப் போடுங்க."

போட்டேன். எரியவில்லை.

"பின்னாடி சாக்கெட்ட ஆட்டிப் பாருங்க."

ஆட்டினேன். எரியவில்லை. ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டுப் போனதில், வாயிலிருந்த செல்போன் நழுவி என்ஜின் மேல் விழுந்தது.

"பல்பக் கழட்டுங்க. என்னா தெரியுது?"

கண்ணாடி ஒரு பக்கம் கருகி, கொப்புளம் மாதிரி புடைத்திருந்தது. நடுவில் காய்ந்த பழுப்பாக ஒரு வட்டம். அடுத்ததைக் கழற்றினால் அது உடைந்தே போயிருந்தது. ஒட்டியிருந்த சில்லிலும் அதே வட்டம். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, இரண்டு பல்பும் புதுசு வாங்கி நானே மாட்டினேன். மாட்டும் முன் தட்டோடு வந்த மனைவி, "புதுப் பொருள், பொட்டு வைக்காமப் போடாதீங்க" என்றாள். சந்தனத்தைக் குழைத்து, மேலே குங்குமம் அப்பி, கண்ணாடியின் நெற்றியில் நன்றாக அழுத்தி வைத்தது நான். பாயிடம் அதைச் சொன்னேன்.

"அரே சார்! பல்புக்குப் பொட்டா?" பாய் சிரிக்க ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார். "மாட்டும்போது விரல்ல இருக்கற எண்ணெப் பசை பட்டாலே அது தாங்காது சார், எரியும்போது அவ்ளோ சூடு. எங்க ஒட்டியிருக்கோ அங்கயே வெடிக்கும். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. அங்க நிக்காதீங்க, மொதல்ல கெளம்புங்க!"

எதை வைத்துக் கிளம்புவது?

அந்த நேரத்தில்தான் தக்காளி ஏற்றிய ஒரு டெம்போ எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "ஏனாயித்து சார்?" என்று கன்னடத்தில் என்ன ஆச்சென்று விசாரித்தார். என் கன்னடம் பயத்தில் தமிழாகவே வந்தது.

"அட, நம்மாளா! மொதல்லயே தமிழ்ல கத்தக் கூடாதா? நீங்க முன்னாடி போங்க. நான் ஒட்டினாப்ல பின்னாடி வர்றேன். என் வெளிச்சத்துல ஓட்டுங்க. முப்பதுக்கு மேல மிதிக்காதீங்க. பிரேக்க மட்டும் திடீர்னு போட்றாதீங்க சாமி, அப்புறம் என் தக்காளி பூரா உங்க வண்டிக்குள்ளதான்!"

அடுத்தவர் வெளிச்சத்தில் கார் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் காரின் நிழலே பூதாகாரமாக முன்னால் விழும். நீங்கள் போகவேண்டிய இடம்தான் இருட்டாக இருக்கும். இரண்டு ஓரமும் பளிச்சென்று தெரியும். பள்ளமா, தண்ணீரா, படுத்திருக்கும் மாடா, எதுவும் தெரியாது. வெள்ளைக் கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். மனைவி பின்னாலிருந்து, "கோடு இருக்கு, கோடு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கோடு அழிந்துபோன இடங்களில் அவள் குரலும் நின்றுவிடும். அந்த மௌனம் எனக்கு லாரியைவிடப் பயமாக இருந்தது.

கே.ஆர்.புரத்துத் தெரு விளக்குகள் வந்ததும் டெம்போ இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு எங்களைத் தாண்டிப் போய்விட்டது. கும்பிடக்கூட நேரம் தரவில்லை. ஒரு பெட்ரோல் பங்கில் நுழைந்து என்ஜினை அணைத்தேன்.

"வண்டி இங்கயே கெடக்கட்டும்" என்றாள் மனைவி. ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டோம். தூங்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஏறப் போக, மனைவி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். ஆட்டோவின் முன்னால் போய் மழையில் நின்றுகொண்டாள்.

"மொதல்ல லைட்டப் போட்டுக் காட்டுப்பா."

"எரியுதும்மா, பாருங்க" என்றார் ஆட்டோக்காரர்.

"அணைச்சிட்டு இன்னொரு தடவ போடு."