ஆறுக்கு நாலில் ஒரு ஆப்

"இன்னா சைஸுங்க, ஆறுக்கு நாலா, எட்டுக்கு ஆறா?" ஆப் வேண்டும் என்று வருகிறவர்களிடம் தீனதயாளன் இன்றும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார். போனுக்குள் அடங்கினால் போதும் என்றால் முகம் சுருங்கிவிடும். கள்ளக்குறிச்சியில் காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் பேனர் அடித்தே நரைத்தவர். உள்ளங்கை அகலத்தில் ஒரு வேலையா என்று அவருக்கு மனசே ஆறாது.

நிரல் எழுதத் தெரியாதவர்களும் ஆப் கட்டும் மென்பொருள் ஒன்றை மருமகள் அபிநயா கணினியில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். இடது ஓரத்தில் பொத்தான், படம், எழுத்து எல்லாம் வரிசையாக இருக்கும். வேண்டியதை மௌஸால் இழுத்துத் திரையில் விட வேண்டியதுதான். தீனதயாளன் இழுப்பதெல்லாம் படம்தான். ஒரு மளிகைக்கடைக்கு அவர் செய்ததைத் திறந்தால் கடைக்காரர், சம்சாரம், மச்சான்கள், கைகூப்பிய பங்காளிகள் எல்லோரும் வருவார்கள். பருப்பு மட்டும் வராது. கேட்டால், "பருப்ப எல்லாருந்தான் பாத்துக்கினு இருக்காங்க" என்பார். எனக்கு அவர்மேல் கோபமே வந்ததில்லை. ஒவ்வொரு மீசையையும் அத்தனை பிரியமாகத் திருத்துவார் மனுஷன்.

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றும் கொளஞ்சியப்பன், தன் டிராக்டரை விவசாயிகள் வாடகைக்குப் பதிவு செய்ய ஒரு ஆப் கேட்டார். சொந்தக்காரர் அத்தனை பேரும் திரையில் ஏறினார்கள். பதிவுப் பொத்தானுக்கு இடமில்லை. யாரையும் இறக்க மனமில்லாமல், கொளஞ்சியப்பனின் தாய்மாமன் அரங்கநாதன் படத்தைக் கொஞ்சம் சிறிசாக்கினார் தீனதயாளன். மறுநாள் காலையிலேயே மாமன் கடைக்கு வந்துவிட்டார்.

"சித்தப்பன் மூஞ்சி ஜாஸ்தி, எம் மூஞ்சி கம்மியா? ட்ரெய்லர் என்னுது. கழட்டிக்கினு பூடுவேன்."

ட்ரெய்லர் இல்லாமல் கரும்பு எப்படிப் போகும்? கடையிலேயே இருந்த கொளஞ்சியப்பன் பயந்துபோனார். வண்டி கேட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குஞ்சம்மாளுக்கு அதைவிடப் பயம். அந்த அம்மாள் வெட்டிப்போட்ட கரும்பு வயலில் காய்ந்து எடை குறைந்துகொண்டிருந்தது. ஆப்பில் பதிந்தால்தான் வண்டி என்று கொளஞ்சியப்பன் வேறு பிடிவாதமாக இருந்தார். ஆள் எதிரிலேயே இருக்கிறாரே, வாயால் சொன்னால் ஆகாதா என்று நான் கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை.

தீனதயாளன் அசரவில்லை. மாமன் முகத்தைத் திரையில் பாதி அகலத்துக்கு இழுத்தார். பதிவுப் பொத்தானைக் கண்ணுக்குத் தெரியாதபடி அந்த முகத்தின்மேலேயே வைத்தார்.

"இனிமே உங்க கன்னத்துல கை வெச்சாத்தாங்க வண்டியே கெளம்பும்."

அரங்கநாதன் உருகிவிட்டார். ட்ரெய்லர் அங்கேயே இருக்கட்டும் என்றார். உடனே குஞ்சம்மாளின் போனில் ஆப்பை ஏற்றிக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் விரலை நீட்டினார், சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"ஆளு எதுருலயே நின்னுகினு இருக்காரு. எப்பிடிங்க கன்னத்தத் தொடறது?"

மாமனும் கூச்சத்தில் நெளிந்தார். கரும்போ காய்கிறது. தீனதயாளன் எழுந்துபோய் மூலையில் கிடந்த பழைய பேனர் ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். இரண்டு கையாலும் அதை அகல விரித்து, குஞ்சம்மாளுக்கும் அரங்கநாதனுக்கும் நடுவே திரை பிடித்து நின்றார். தன் கண்களையும் மரியாதையாக மூடிக்கொண்டவர், பதிவு வந்துவிட்டதென்று கொளஞ்சியப்பன் சட்டைப்பையில் போன் ஒலிக்கும்வரை திறக்கவே இல்லை.