சோத்தாங்கைப் பக்கம் எது?

1. வாயைக் கொடுத்த திங்கட்கிழமை

மீஞ்சூரில் நான் சேர்ந்த டிசைன் ஆபீஸில், பேப்பர் டிராயிங்கைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் 3டி மாடல் செய்துகொடுப்போம். வால்வு, பைப், பிராக்கெட் என்றே வந்துகொண்டிருந்த இடத்துக்கு ஒருநாள் படகு வந்தது. என் மூன்று மாத டிரையலில் அது கடைசி வாரம்.

“படகு டிராயிங் யாருக்காவது தெரியுமா?” என்று முதலாளி கேட்டார்.

“எனக்குத் தெரியும் சார். எங்க ஊரு பசியாவரத்துல வூடே படகுலதான் ஓடுது” என்று முந்திக்கொண்டேன்.

“அப்ப நீயே பண்ணு. வெள்ளிக்கிழமை பார்ட்டி வர்றாரு. இத வச்சுத்தான் பைபர் படகுக்கு மோல்டு போடப்போறாரு. சரியா வந்தா நீ பர்மனெண்ட். சொதப்புனா அடுத்த வாரம் வரவேணாம்.”

படகில் ஏறத் தெரியும், இறங்கத் தெரியும். டிராயிங்கில் படகைப் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

2. ஒல்லியும் தொப்பையும்

மொத்தம் மூன்று படங்கள். பக்கவாட்டுப் படமும் மேலிருந்து பார்த்த படமும் புரிந்தன. மூன்றாவதுதான் படுத்தியெடுத்தது. நடுவில் ஒரு நேர்கோடு. அதற்கு வலப்பக்கம் ஐந்து வளைகோடுகள், இடப்பக்கம் ஐந்து. படகைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவங்கள் அவை. ஆனால் வலப்பக்கக் கோடுகள் ஒடுங்கியிருந்தன, இடப்பக்கக் கோடுகள் அகன்றிருந்தன. கோடுகளின் எண்கள் ஜெராக்ஸில் அழிந்திருந்தன.

வலதையும் இடதையும் ஜோடி சேர்த்து மாடல் போட்டேன். படகு ஒரு பக்கம் ஒல்லி, ஒரு பக்கம் தொப்பை. செவ்வாய்க்கிழமை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதே தொப்பை. நீளம் சரி, உயரம் சரி, படகு மட்டும் தப்பு. புதன்கிழமை, ஒருவேளை படகே இப்படித்தான் இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது! பிறந்ததிலிருந்து பார்க்கிற படகு.

“இன்னாம்மா, ஆச்சா?” என்பார் முதலாளி.

“ஆயிடும் சார்.”

தெரியும் என்று சொன்னவள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

3. கரையில் நடந்த சண்டை

வியாழக்கிழமை சாயங்காலம் ஆள் ஏற்றும் படகில் வந்து ஊர்க் கரையில் இறங்கினேன். நைனாவும் சித்தப்பாவும் எங்கள் படகை மணலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நைனா படகின் முன்முனையான அணியத்தைப் பிடித்து, படகைப் பார்த்தபடி பின்னால் நடந்து இழுத்தார். சித்தப்பா மறுமுனையில் நின்று தள்ளினார். படகு சாய ஆரம்பித்தது.

“டேய், சோத்தாங்கைப் பக்கம் சாயுதுடா, புடி!” என்றார் நைனா.

“இன்னா அண்ணே பேசற? பீச்சாங்கைப் பக்கந்தானே சாயுது!”

“கண்ணு இன்னா முதுகுலயா கீது உனக்கு?”

பையைப் போட்டுவிட்டு ஓடினேன். படகு சாய்ந்த பக்கம் தோள் கொடுத்தேன்.

“அதான்! அந்தப் பக்கத்ததான் சொன்னேன்!” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அப்படியே நின்றுவிட்டேன். முன்னால் நிற்பவருக்கு வலது, பின்னால் நிற்பவருக்கு இடது. இரண்டும் படகின் ஒரே பக்கம். டிராயிங்கின் வலது பாதி, முன்னால் நின்று பார்த்த முன்பகுதி. இடது பாதி, பின்னால் நின்று பார்த்த பின்பகுதி. மறுபக்கமும் இதே மாதிரிதான் என்பதால் அதை வரையவே இல்லை. நான்தான் படகின் முன்பகுதியையும் பின்பகுதியையும் ஜோடி சேர்த்துக் கல்யாணம் பண்ணிவைத்திருக்கிறேன்.

“ரெண்டு பேரும் சரியாத்தான் சொன்னீங்க நைனா” என்றேன்.

“அதெப்டி ரெண்டு பேரும் சரியாவும்?” என்று நைனா சித்தப்பாவிடம் திரும்பினார். சண்டை தொடர்ந்தது.

4. வெள்ளிக்கிழமை

படகும் பஸ்ஸும் மாறி முதல் ரயிலைப் பிடித்து ஆபீஸ் போய் உட்கார்ந்தேன். பத்துக் கோடுகளையும் முன்னிருந்து பின்வரை வரிசையாக அடுக்கி ஒரு பக்கத்தைப் போட்டு, மறுபக்கத்துக்கு அதையே மிரர் கொடுத்ததும் முழுப்படகு வந்து நின்றது. பார்ட்டி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கரெக்டா கீதும்மா” என்றார்.

அவர் போனபின் முதலாளியிடம் நாலு நாள் கதையையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“பார்ட்டிக்கு ஒரு போன் போட்டிருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். கரையில படகு சாயலன்னா இன்னா பண்ணியிருப்ப? அந்தத் தொப்பைய மோல்டு போட்டிருப்பாரு.”

இன்னும் ஒரு மாதம் டிரையலை நீட்டிவிட்டுத்தான் பர்மனெண்ட் ஆக்கினார்.

இன்று அதே ஆபீஸில் டிராயிங் செக் செய்வது நான்தான். எந்தப் படம் வந்தாலும் குழப்பம் முதலில் வரத்தான் செய்கிறது. உடனே போனை எடுத்து, “சார், இத வரைஞ்சவரு எந்தப் பக்கம் நின்னு பாத்தாரு?” என்று கேட்டுவிடுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், பதிலையும் சொல்லிவிடுகிறார்கள்.