நான் மாற்றிச் சொன்ன வார்த்தைகள்

கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. கிறிஸ்தவ ஊழியத்துக்காக நாடு விட்டு வந்து ஆனையூரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கு ஒரு வாரம் மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. கணவர் பிரசங்கம் செய்வார். மனைவி நர்ஸ், புண்ணுக்கு மருந்து போட்டுக் கட்டுவார். எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம், தமிழ் தெருவில் வந்தது, ஆங்கிலம் கல்லூரியில் வந்தது. மூன்று மொழி தெரிந்தவள் என்ற கர்வத்தில் ஒப்புக்கொண்டேன். "உன் வாயை அவங்களுக்கு வாடகைக்கு விடப்போறியா?" என்று எங்கள் மொழியில் கேட்ட அம்மா, அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

திங்கட்கிழமை வாடிப்பட்டிக்கு அப்பால் ஒரு ஊருக்குப் போனோம். புளியமரத்தடியில் முப்பது பேர் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய அம்மன் கோயில். கணவர் அதைக் கைகாட்டி ஆங்கிலத்தில் சொன்னார்: "நீங்கள் கும்பிடுவது கல். அதற்குள் இருப்பது பிசாசு."

அதை அப்படியே தமிழில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "கடவுள் எல்லா எடத்துலயும் இருக்காருன்னு சொல்றாரு" என்றேன். ஊர்க்காரர்கள் தலையாட்டினார்கள். அவருக்கு ஒரே சந்தோஷம். மறுநாளும் அங்கேயே போய், அதையே இன்னும் உரக்கச் சொன்னார். நானும் இன்னும் இதமாக மாற்றினேன்.

கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "இவுக எம்புட்டு நாளைக்கு வந்து தொல்ல குடுப்பாக? மொதல்ல கெளம்பச் சொல்லு தாயி."

"எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்கிறார்" என்றேன் கணவரிடம்.

"இந்த ஊரே மனம் திரும்பும்வரை."

"சீக்கிரம் போயிருவாங்களாம் ஐயா" என்றேன்.

புதன்கிழமை, புண்ணைக் கழுவத் தண்ணீர் எடுக்கப்போன மனைவியின் கையிலிருந்து ஒரு பெண் குடத்தைப் பிடுங்கினாள். "எங்க ஆத்தாள ஏசுற ஆளுக எங்க கொடத்தத் தொட வேணாம்." ஏசியது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குப் புரியவில்லை. தண்ணீர்த் தட்டுப்பாடு என்று சொல்லிச் சமாளித்தேன். மனைவி என் முகத்தையே பார்த்தார்.

வியாழக்கிழமை ஊர் எல்லையில் வேலிமுள்ளை வெட்டிப் போட்டு எங்கள் வேனை மறித்திருந்தார்கள். லீவில் வந்திருந்த பட்டாளத்துக்காரர் ஒருவர் முன்னால் நின்றார்.

"ஏம்மா, பட்டாளத்துல இங்கிலீஷ் கேட்டுப் பழகுனவன் நான். மூணு நாளாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவரு எங்க ஆத்தாளப் பிசாசுங்கிறாரு. நீ வேற என்னமோ சொல்ற. யார ஏமாத்துற?"

பிறகு கணவரிடம் திரும்பி, நான் மூன்று நாளாக விழுங்கிய அத்தனையையும் உடைந்த ஆங்கிலத்தில் கொட்டினார். கணவரின் முகம் சிவந்தது. "நான் கொண்டுவந்த செய்தியைத் திருடிவிட்டாய்" என்று என்மேல் பாய்ந்தார். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "அவுகளாச்சும் அசலூரு. இவ நம்மூருக்காரி. இவளத்தான் மொதல்ல வெரட்டணும்." வேனின் கண்ணாடியில் ஒரு மண்கட்டி வந்து உடைந்தது. டிரைவர் வண்டியைத் திருப்பினார்.

திரும்பும் வழியில் மனைவி என்னிடம் பாடப்புத்தகத் தமிழில் பேசினார். "எனக்குத் தமிழ் புரியும். நீங்கள் மாற்றுவது முதல் நாளே தெரியும். நீங்கள் மாற்றியது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆகையால் என் கணவரிடம் சொல்லவில்லை. நானும் பொய் சொன்னேன்."

தமிழ் புரியாத கணவர், "என்ன சொல்கிறாள்?" என்று என்னைக் கேட்டார்.

"அவங்களையே கேளுங்க" என்றேன். மனைவி ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். ஆனையூர் வரும்வரை இருவரும் சண்டை போட்டார்கள்.

மறுநாள் மனைவி என்னைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் அதே ஊருக்குப் போனார். கணவர் வரவில்லை. குடத்தைப் பிடுங்கிய பெண் வாசலில் நின்றாள். "என் கணவர் உங்கள் அம்மனைப் பழித்தார். அது தவறு. மன்னியுங்கள்" என்றார் மனைவி.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். இனிமே இந்தப் பக்கம் வராதீக."

பக்கத்துத் திண்ணையில், காலில் புண்ணோடு ஒரு கிழவர். திங்கட்கிழமை மனைவி போட்ட கட்டு அழுக்கேறிக் கிடந்தது. அதையாவது மாற்றிவிட்டுப் போகிறேன் என்று அவர் குனிந்ததும், கிழவர் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். "வேணாம்."

பஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. டீக்கடையில் எங்களுக்கு டீ தரவில்லை. வெயிலில் நின்றோம். அவர் அழுவார் என்று நினைத்தேன். "முட்டாள் மனிதர்" என்று மட்டும் சொன்னார். கணவரையா, கிழவரையா என்று நான் கேட்கவில்லை. எனக்கு இரண்டு பேர்மேலும் ஆத்திரம்தான். எல்லோரையும் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்த என்மேலும்.

சனிக்கிழமை மாடிப்படி ஏறிப்போய், இனி வரமாட்டேன் என்று சொன்னேன். கணவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. மனைவி, "நல்லது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.