எடைக்குப் போகவிருந்த மோட்டார் சைக்கிள்

பேராவூரணியில் எங்கள் வீட்டையொட்டிய தென்னந்தோப்புக் கொட்டகையைப் பிரித்தபோது, மட்டைகளுக்கு அடியில் துருப்பிடித்த மோட்டார் சைக்கிள் ஒன்று கிடைத்தது. என்ன வண்டி என்று தெரியவில்லை. பட்டுக்கோட்டையில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் என் அக்கா கணவரை வரவழைத்தேன். நாலாபுறமும் போட்டோ எடுத்தார்.

“வெறும் இரும்பும்மா. எடைக்குத்தான் போகும். ஞாயித்துக்கிழமை நானே வந்து ஏத்திக்கிறேன்” என்றார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. இன்ஜின் நம்பர் மேலிருந்த துருவைச் சுரண்டி, வண்டியையும் சேர்த்துப் படமெடுத்து, பழைய வண்டிப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மதுரைக்காரர் ஒருவர் உடனே போன் செய்தார்.

“ரெண்டாம் உலகப் போர்க்காலத்துல இங்கிலாந்துல செஞ்ச வண்டிங்க, ரொம்ப அபூர்வம். ஆனா இதைத் தன்னோடதுன்னு வேற ஒருத்தர் எங்கிட்ட விலை பேசியிருக்காரே!”

தனக்கு வந்ததென்று அவர் அனுப்பிய போட்டோவில், வண்டிக்குப் பின்னால் கொடியில் என் சிவப்புப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அத்தான் அன்று எடுத்த படம்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

காட்டிக்கொள்ளாமல், ஞாயிறன்று அத்தானையும் அக்காவையும், கூடவே மதுரைக்காரரையும் வரச் சொன்னேன். மினி வேனோடு வந்து இறங்கியவரிடம், “வாங்க அத்தான். உங்ககிட்ட விலை பேசுன மதுரைக்காரர் வந்திருக்கார். வண்டி யாரோடதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றேன். அக்கா முகத்தைப் பார்த்தவர், வெறும் வேனோடு திரும்பினார்.

வண்டியை நான் விற்கவில்லை. அத்தான் கடைக்கு நேர் எதிரே இருக்கும் மெக்கானிக்கிடம் கொடுத்து, அத்தான் கண்ணெதிரிலேயே சரிசெய்ய வைத்தேன்.

இப்போதெல்லாம் எந்தப் பழைய பொருளையும் முதலில் விவரம் தெரிந்த வெளியாளிடம் காட்டுகிறேன். பட்டுக்கோட்டை போனால் அத்தான் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, ஆக்சிலேட்டரை நன்றாக முறுக்கிவிட்டுத்தான் நகர்கிறேன். போதும் என்கிறாள் அக்கா. எனக்கு இன்னும் ஆறவில்லை.